பரணில் கிடைத்த பேரேடு – கடிதம்

அன்புள்ள ஐயா,

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். அம்மாவின் பூர்வீக வீட்டைப் பிரித்தபோது பரணில் பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. முன்னோர் ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருந்தாராம். முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, அதன்கீழ் ‘தாது ஐப்பசி’, பக்கத்தில் ‘சூருயஉ’. அப்புறம் பக்கத்துக்கு ஒரு பெயர், பற்று வரவு. “யாரோ வாங்கின கடன், பழைய பேப்பர்காரருக்குப் போடு” என்கிறார்கள் வீட்டில். வைத்திருப்பதில் பயன் உண்டா?

க.

அன்புள்ள க.,

தயவுசெய்து போட்டுவிடாதீர்கள்.

‘சூருயஉ’ என்பது எண். சூ ஆயிரம், ரு ஐந்து, ய பத்து, இரண்டும் சேர்ந்து ஐம்பது, உ இரண்டு. ஆக 1052. உங்கள் பக்கம் அப்போது கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டை (கி.பி. 825இல் தொடங்குவது) எழுதுவது வழக்கமாக இருந்தது. கொல்லம் 1052 ஐப்பசி என்றால் 1876 அக்டோபர், நவம்பர். அறுபது வருஷச் சுழற்சியில் தாது 1936இலும் வந்தது, ஆனால் அப்போது 1112 என்று எழுதியிருப்பார்கள். சந்தேகமே இல்லை, தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய மாதங்களின் கணக்கு இது. அந்தப் பஞ்சத்தைப் பற்றி அதிகாரிகள் நிறைய எழுதிவைத்தார்கள். உங்கள் ஊரில் யார் எத்தனை படி அரிசி கடனாக வாங்கினார் என்பது இந்த மாதிரி நோட்டில்தான் இருக்கும்.

அன்றாட வியாபாரத்தைச் சிட்டையில் குறித்து, பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றுவார்கள். உங்களிடம் இருப்பது பேரேடு. ஊர்க்கடன் அறுப்பு வரை ஓடும், அப்புறம் நெல்லாகவோ பணமாகவோ அடையும். அடையாவிட்டால் கோர்ட்டில் நோட்டு மட்டும் போதாது. ஒழுங்காக எழுதிவந்த கணக்கைப் பார்க்கலாம், ஆனால் அதை மட்டும் வைத்து ஒருவர்மேல் கடனைச் சுமத்த முடியாது என்றது 1872ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு. அதனால் பக்கத்தின் அடியில் கையெழுத்தோ கீறலோ இருந்தால் விடாமல் பாருங்கள். வாங்கியவர் பாக்கியை ஒப்புக்கொண்ட அடையாளமாக இருக்கலாம்.

முதலில் அரிசி வரிகளை மட்டும் தேதிப்படி எடுத்து எழுதுங்கள். ‘காலே அரைக்கால்’ ரூபாய் என்றிருந்தால், அதாவது கால் ரூபாயும் அதில் பாதியும், ரூபாய்க்கு 16 அணா வீதம் 6 அணா. விலை எப்படி ஏறியது என்பது தெரியும். பிறகு தை, மாசியில் ஒவ்வொரு பெயரையும் பாருங்கள். வரவே இல்லாமல் பற்று மட்டும் ஓடினால், விளைச்சல் பொய்த்தும் அந்தக் கடைக்காரர் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார். எனக்கு அதைத் தெரிந்துகொள்ளத்தான் மிகவும் ஆவல். பற்றும் நின்றுபோயிருந்தால் அவர் கடனை நிறுத்தியிருக்கலாம், அந்தக் குடும்பமே ஊரைவிட்டுப் போயிருக்கலாம். இலங்கைத் தோட்டங்களுக்கு அப்போது போனவர்கள் ஏராளம்.

கிழிந்த இடத்தில் செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷனும் வேண்டாம். வெயில் நேரடியாகப் படாத வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள், சேர்ந்தே படிப்போம். உங்கள் ஊர் தாமிரபரணிப் பாசனமா, மானாவாரியா என்பதையும் எழுதுங்கள். ஆற்றுப் பாசனம் என்றால் இந்தக் கணக்கு வேறு மாதிரி ஓடியிருக்கும்.