பாட்டு உங்களுடையது என்று எங்கே எழுதியிருக்கிறது?

கேள்வி: வயது 24, ஊர் திருக்கோவில். அக்கரைப்பற்றில் ஒரு கொம்பியூட்டர் கடையில் வேலை. திருவிழாக் காலத்தில் இசைக்குழுவில் கீபோர்ட் வாசிப்பேன். நான் மெட்டுப் போட்டு, நண்பன் வரி எழுதி, மட்டக்களப்பில் ஒரு ஸ்டூடியோவில் மூன்று பாட்டுகள் பதிவு செய்தோம். ஒன்றை நண்பனின் யூடியூப் சேனலில் போட்டோம், நல்ல வரவேற்பு. இப்போது லண்டனில் உள்ள ஓர் அண்ணா, மூன்றுக்கும் வீடியோ எடுக்க 3 லட்சம் தருகிறேன், ஆனால் ‘முழு உரிமை’ தனக்கு வேண்டும் என்கிறார். வாங்கலாமா? வேலையை விட்டு முழுநேரமாக இறங்கலாமா?

பதில்: தம்பி, இப்போதைக்குக் கையெழுத்தும் வைக்காதீர்கள், வேலையையும் விடாதீர்கள்.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. மெட்டும் வரியும் வளவு மாதிரி. ஸ்டூடியோவில் பதிந்த ஒலி, அந்த வளவில் கட்டிய வீடு. வளவு ஒருவர் பெயரிலும் வீடு இன்னொருவர் பெயரிலும் இருக்கலாம். உங்கள் வளவில் நண்பனுக்கும் பங்கு இருக்கிறது. வீடியோ அந்த வீட்டுச் சுவருக்கு அடிக்கிற பெயின்ட் மாதிரி. லண்டன் அண்ணா அந்தப் பெயின்ட் காசைக் காட்டி, வீட்டையும் வளவையும் சேர்த்துக் கேட்கிறார். கெட்ட மனதோடு கேட்கிறார் என்று சொல்லவில்லை. பலருக்கு இந்த வித்தியாசமே தெரியாது.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பாட்டை ஆக்கிய உடனேயே உரிமை ஆக்கியவருக்கு வந்துவிடும். பதிவு செய்யத் தேவையில்லை. ஆக்கியவரின் ஆயுள் முழுக்கவும், அதற்குப் பிறகு 70 வருடமும் அது நிற்கும். எனவே சிக்கல் வந்தால் கேள்வி ‘பதிந்தாயா’ என்பதல்ல, ‘ஆக்கியது நீதான் என்று எப்படிக் காட்டுவாய்’ என்பதுதான். போனில் முணுமுணுத்துப் பதிந்த முதல் மெட்டு, நண்பன் வட்ஸ்அப்பில் அனுப்பிய வரி, ஸ்டூடியோ பில், தனித்தனி டிராக்குகள் எல்லாவற்றையும் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். ஸ்டூடியோக்காரர் பீட் (பின்னணித் தாள இசை) போட்டுத் தந்திருந்தால், அதை எங்கிருந்து எடுத்தார் என்றும் கேளுங்கள். இணையத்தில் எடுத்த பீட் என்றால் அதன் அனுமதி எதற்கு, எவ்வளவு காலத்துக்கு என்று பார்க்க வேண்டும்.

எனக்கே நடந்தது ஒன்று. கோயில் சடங்குக் காலத்துக்கு ஓர் அம்மன் பாட்டுக்கு மெட்டுப் போட்டுக் கொடுத்தேன். கையில் 5,000 ரூபாய் தந்தார்கள், தேத்தண்ணியும் வாங்கித் தந்தார்கள். பேச்சு எல்லாம் வாயால்தான். சில வருடம் கழித்து அதே பாட்டை நானே வாசித்து யூடியூபில் போட்டால், என் வீடியோவின் வருமானம் வேறொருவருக்குப் போகும் என்று அறிவித்தல் வந்தது. எதிர்த்துக் கேட்க என்னிடம் ஒரு துண்டுத் தாளும் இல்லை.

ஆகவே லண்டனுக்குப் பதில் அனுப்ப முதல் நண்பனோடு உட்காருங்கள். கொப்பித் தாள் போதும். பாட்டின் பெயர். மெட்டு யார், வரி யார், பங்கு ஐம்பதுக்கு ஐம்பதா. பாடியவருக்குச் சம்பளமா, பங்கா. பதிவுக்குக் காசு போட்டவர் யார், அது முதலில் கழிக்கப்படுமா. சேனல் வருமானம் எப்படிப் பிரியும். திகதி, அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. ஒரு பாட்டுக்கு ஒரு தாள். வெட்கமாக இருக்கும், சிநேகிதனிடம் போய் இதைக் கேட்பதா என்று. பாட்டு ஓடிய பிறகு கேட்பது இதைவிட வெட்கம்.

அப்புறம் அண்ணாவிடம் இப்படிச் சொல்லலாம்: வீடியோ உங்களுடையது. பாட்டை அந்த வீடியோவில் பாவிக்க 5 வருட அனுமதி எழுதித் தருகிறோம். வருமானத்தில் போட்ட 3 லட்சத்தை முதலில் நீங்கள் எடுங்கள், பிறகு பாதிக்குப் பாதி. அவர் அனுப்பும் ஒப்பந்தத்தில் ‘முழு உரிமை’, ‘உலகம் முழுவதும்’, ‘என்றென்றும்’ மூன்றும் ஒரே வரியில் இருந்தால் அந்த வரியை வெட்டச் சொல்லுங்கள். வெட்ட மறுத்தால் வீடியோ இல்லாமலே பாட்டு வாழும். கையெழுத்திட முன் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுவது நல்லது.

பாட்டை ஸ்பொட்டிஃபை போன்ற இசை கேட்கும் தளங்களுக்கு அனுப்ப இடையில் ஒரு விநியோக நிறுவனம் வேண்டும். டிஸ்ட்ரோகிட் வருடக் கட்டணம் எடுக்கும். கட்டுவதை நிறுத்தினால் பாட்டு இறங்கிவிடக்கூடும். சிடி பேபி ஒரு வெளியீட்டுக்கு ஒருமுறை கட்டணம் எடுத்து, வருமானத்தில் 9 வீதம் கழிக்கும். எதில் சேர்ந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது, காசு உங்கள் இலங்கை வங்கிக் கணக்குக்கு எந்த வழியால் வரும், அதற்கு எவ்வளவு கழியும் என்பது. ஒவ்வொரு பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சி என்று 12 எழுத்து-இலக்கக் குறி கிடைக்கும். அதைக் குறித்து வையுங்கள். பிறகு நிறுவனம் மாறினாலும் அதே குறியைக் கொடுக்க வேண்டும். ஸ்பொட்டிஃபையில் 12 மாதத்தில் 1,000 தடவைக்குக் குறைவாக ஓடிய பாட்டுக்குச் சதமும் வராது. தாண்டினாலும் அரிசி மூட்டை வாங்குகிற அளவு என்று நினைக்க வேண்டாம்.

யூடியூபில் ஷோர்ட்ஸ் அல்லாத சாதாரண வீடியோக்களை வைத்து விளம்பரப் பங்கு வர 1,000 சந்தாதாரர்களும் ஒரு வருடத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். 100 டொலர் சேர்ந்த பிறகுதான் அனுப்புவார்கள், அதுவும் சேனல்காரர் பெயருக்கு. இன்றே உங்கள் பெயரில் ஒரு சேனல் திறவுங்கள். இன்னொன்று: வசந்தன் கூத்து மெட்டையோ அம்மன் சடங்கின் குளிர்த்திப் பாடலையோ எடுத்துப் பாவித்திருந்தால், அந்தப் பாட்டைக் கொன்டென்ட் ஐடியில் (ஒரே பாட்டு வேறு வீடியோக்களில் வந்தால் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் முறை) போடாதீர்கள். அது ஊரின் பொது மெட்டு. போட்டால் அதே மெட்டைப் பாடும் நம்மூர்ப் பிள்ளைகளின் வீடியோ மீது உங்கள் பெயரில் உரிமை கோரல் போய் விழக்கூடும்.

வேலை விஷயம். நம் பக்கத்தில் வைகாசிச் சடங்கும் ஆடித் திருவிழாவும் கை நிறைய மேடை தரும். அறுகம்பே கடற்கரையில் சுற்றுலா சீசன் ஏப்ரல் தொடங்கி ஒக்டோபர் வரை. பொத்துவில் பஸ்ஸில் ஏறினால் போய்விடலாம், ஒரு கிட்டார்காரரோடு கடற்கரை ஹோட்டல்களில் கேட்டுப் பாருங்கள். அடைமழைக்குத்தான் பதில் இல்லை. நவம்பர் முதல் ஜனவரி வரை திறந்த வெளி மேடை கிடையாது. கடைக் கணக்கு மாதிரி ஒரு கொப்பியில் இசையால் வந்ததை ஒரு வருடம் எழுதுங்கள். அந்த மூன்று மழை மாதத்திலும் கலியாண வீட்டு வாசிப்பு, கீபோர்ட் வகுப்பு, கடை விளம்பர இசை என்று கடைச் சம்பளத்தின் அளவு வந்தால், முதலாளியிடம் பேசலாம்.