ராசியில்லாத கை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, அது செய்வது பலிக்குமா என்பதைப் பகடை உருட்டி முடிவுசெய்யும் மேசைப் பாத்திர விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் எழுதிவருவதால் இதைக் கேட்கிறேன். என் பாத்திரம் பூட்டுத் திறப்பதில் கைதேர்ந்த திருடன். 20 முகப் பகடையில் எட்டோ அதற்கு மேலோ விழுந்தால் போதும் என்ற நிலையில், ஒரே பூட்டில் தொடர்ந்து நான்கு முறை தோற்றேன். ‘ராசியில்லாத கை’ என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். பகடையை மாற்றவேண்டுமா, அல்லது ஆட்டத்தை நடத்துபவர் இலக்கு எண்ணை ரகசியமாகக் குறைத்து என்னைக் காப்பாற்றியிருக்க வேண்டுமா?

க.

அன்புள்ள க.,

பகடையின் மேல் சந்தேகம் இருந்தால், உப்பை நிறையக் கரைத்த நீரில் அதை மிதக்கவிட்டுப் பலமுறை சுண்டிப் பாருங்கள். ஒரே எண் திரும்பத் திரும்ப மேலே வந்து நின்றால் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால் நான்கு தோல்விகளுக்காக அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. எட்டுக்குக் கீழே விழுவதற்கு 35 விழுக்காடு வாய்ப்பு உண்டு. அடுத்தடுத்த நான்கு உருட்டல்களும் தோற்பதற்கான வாய்ப்பு 1.5 விழுக்காடுதான் என்றாலும், ஐந்து பேர் ஆளுக்கு 25 முறை இதே இலக்கை வைத்து உருட்டினால், அவர்களில் யாரேனும் ஒருவர் எங்கேனும் தொடர்ந்து நான்கு முறை தோற்பதற்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒருவராக இம்முறை நீங்கள் அமைந்துவிட்டீர்கள். யாரும் கவனிக்காத ஒரு வெற்று அறையைத் துழாவும்போது உங்களுக்கு விழுந்த 20 எவர் நினைவிலும் இருக்காது.

என்னை உறுத்துவது வேறொன்று. முதல் உருட்டலில் பூட்டு திறக்கவில்லை. காவலர் வரவில்லை, கம்பி முறியவில்லை, மீண்டும் முயலத் தடையும் இல்லை. அப்படியானால் அங்கே எதற்குப் பகடை? டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திர விளையாட்டின் 2000-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பு இதற்கு விதியே வகுத்திருந்தது: தோற்பதால் கேடு எதுவும் இல்லாமல் நேரமும் இருந்தால், 20 விழுந்ததாகவே கொள்ளலாம்; ஒரு முயற்சிக்கு ஆகும் நேரத்தைப்போல இருபது மடங்கு செலவாகும், அவ்வளவுதான். 2010-இல் வந்த அபோகலிப்ஸ் வேர்ல்டு என்ற விளையாட்டு இன்னொரு வழியைப் பிடித்தது. அதில் இரண்டு ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையோடு பாத்திரத்தின் திறனெண்ணையும் சேர்த்து, ஏழு முதல் ஒன்பது வரை வந்தால் காரியம் பெரும்பாலும் ஒரு விலையோடு முடியும். ஆறும் அதற்குக் கீழும் வந்தால் கதையில் ஏதேனும் ஒன்று நடந்தே தீரும். ‘ஒன்றும் நடக்கவில்லை, மறுபடி உருட்டு’ என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

வாள் வீச்சுக்கு உருட்டும் 20 முகப் பகடையில் 1 என்ற எண் விழுந்தால் வாள் முறியும் என்று சில மேசைகளில் சொந்தமாக விதி வைத்துக்கொள்வார்கள். ஒரு சுற்றில் ஒருமுறை வீசும் கற்றுக்குட்டிக்கு அந்த ஆபத்து 5 விழுக்காடு. நான்கு முறை வீசும் பெருவீரனுக்கோ 18 விழுக்காட்டுக்கும் மேல். தேர்ச்சி கூடக்கூட அவமானமும் கூடும் இந்த விதியை நான் அடியோடு வெறுக்கிறேன்.

இலக்கை ரகசியமாகக் குறைப்பதை நான் ஏற்கமாட்டேன். அது ஒருமுறை வெளியே தெரிந்துவிட்டால், நீங்கள் நேர்மையாகப் பெற்ற வெற்றிகளின் மேலும் ஐயம் படியும். மாற்றவேண்டியதைப் பகடை விழுவதற்கு முன்பே, எல்லோரும் கேட்கும்படி மாற்றிவிடலாம். அடுத்தமுறை பகடையைக் கையில் எடுக்கும்போது, ‘இதில் தோற்றால் என்ன ஆகும்?’ என்று நடத்துபவரிடம் கேளுங்கள். அவரிடம் பதில் இல்லையென்றால், பூட்டு திறந்துவிட்டதாகவே வைத்துக்கொண்டு உள்ளே போகலாமா என்றும் கேட்டுவிடுங்கள்.