டான்லாடிய 'டான்'னு சுருக்காதீங்க

டீம்ல புதுசா வந்த நைஜீரியாக்காரர் டான்லாடிய 'டான்'னு கூப்பிட்டா ஒரு மாதிரி சிரிக்கிறாரு, ஏன்னு கேட்டிருந்தீங்க. அது டேனியலோட சுருக்கம் இல்லங்க. நைஜீரியால பேசுற ஹௌசா மொழில 'டான்'னா மகன், 'லாடி' வந்து லஹாடி அதாவது ஞாயித்துக்கிழமைலேர்ந்து வந்தது, ஆக ஞாயிறு பொறந்த பையன், நீங்க தினமும் அவர வெறும் 'மகனே'ன்னு கூப்பிட்டுட்டு இருக்கீங்க 😄 பொண்ணா இருந்தா லாடி மட்டும்தான். வெள்ளின்னா டான்ஜுமா. கானாவுல அகான் ஆளுங்க அதே வெள்ளிக்கு கோஃபின்னு வைப்பாங்க, ஐ.நா. பொதுச் செயலாளரா இருந்த கோஃபி அன்னான் பேரு அப்படி வந்ததுதான். இன்னொன்னு, டான்லாடியோட முதல் எழுத்து நம்ம ட மாதிரி இல்ல, காத்த உள்ள இழுத்து சொல்ற ஒலி, எனக்கு இன்னும் சரியா வரல. ப (p) ஒலியும் ஹௌசால கெடையாது, பென்சிலே ஃபென்சிர்தான், அதனால உங்க பேர்ல ப இருந்து அவரு ஃப-ன்னு சொன்னா கோச்சுக்காதீங்க. முழுப் பேரையே கூப்பிடுங்க, மூணு அசைதானே.