சின்னவன் எப்போது நடப்பான்? – குழந்தை நல மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குழந்தையின் வயதே இல்லை. ‘சின்னவன் இன்னும் உட்காரவில்லை’ என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்ல? நாலு மாதத்தில் உட்காராவிட்டால் கவலையே இல்லை, பத்து மாதத்தில் உட்காராவிட்டால் காட்டியே ஆக வேண்டும். பிறந்த தேதி, எத்தனையாவது வாரத்தில் பிறந்தது, இரண்டையும் எழுதுங்கள்.

மூத்தவன் பத்து மாதத்தில் நடந்துவிட்டான். இளையவளுக்கு 13 மாதம். சுவரைப் பிடித்துக்கொண்டே நகர்கிறாள், கையை விடமாட்டேன் என்கிறாள். (திருமங்கலம்)

பிடித்து நகர்கிறாள் என்றால் பாதி நடந்துவிட்டாள். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட கணக்குப்படி, தனியாக நடக்கும் வயது 8 மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை போகிறது. அதற்கு நம் நாட்டுக் குழந்தைகளையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். 18 மாதம் வரை பொறுங்கள். அண்ணன் தேதியைத் தங்கைக்குப் போட்டுப் பார்க்காதீர்கள்.

11 மாதம். தவழவே இல்லை, உட்கார்ந்தபடியே தேய்த்துத் தேய்த்து நகர்கிறான். (மேலூர்)

நூற்றில் நாலைந்து பிள்ளைகள் தவழாமலே எழுந்து நடந்துவிடும். இப்படித் தேய்த்து நகர்கிறவர்கள் நடக்கக் கொஞ்சம் தாமதிப்பார்கள், அவ்வளவுதான். ஆனால் ஒரு பக்கத்துக் கையையோ காலையோ மட்டும் எப்போதும் இழுத்துக்கொண்டு வருகிறானா என்று பாருங்கள். அப்படி என்றால் காத்திருக்க வேண்டாம், காட்டுங்கள்.

எட்டு மாதம். தாய்மாமா வாக்கர் வாங்கித் தந்திருக்கிறார். அண்ணன்மார் இரண்டு பேரும் வைத்துத் தள்ளுகிறார்கள், இவனும் சிரிக்கிறான். (வாடிப்பட்டி)

சிரிப்பான், படியில் உருளும் வரைக்கும். வாக்கர் நடை பழக்காது, நுனிக்காலால் உந்தத்தான் பழக்கும். கனடாவில் 2004இலேயே விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள். மாமா மனம் கோணாமல் இருக்க வேண்டுமென்றால், பிள்ளை தானாக எழுந்து நிற்கும் பருவத்தில் மரத்தில் செய்த நடைவண்டி ஒன்று வாங்கித் தரச் சொல்லுங்கள். அது அவன் தள்ளுகிற வண்டி, அவனைத் தள்ளுகிற வண்டி அல்ல.

மூன்றாவது பிள்ளை, 22 மாதம். ‘ம்மா’ தவிர வார்த்தை இல்லை. வேண்டியதைக் கை காட்டுவான், அக்காக்கள் இரண்டு பேரும் புரிந்துகொண்டு எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். கடைக்குட்டி லேட்டாகத்தான் பேசும் என்கிறார்கள். அவன் அப்பாவும் மூன்று வயதில்தான் பேசினாராம். காது நன்றாகக் கேட்கிறது, வேட்டுச் சத்தத்துக்குத் திடுக்கிடுகிறான். (செல்லூர்)

என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்து எத்தனையோ பேர் இதையே சொல்லிவிட்டார்கள். ‘அக்கா பேசிவிடுகிறாள், அதனால் இவன் பேசவில்லை.’ அக்காக்கள் பேசுவதால் தம்பிக்கு வாய் அடைத்துவிடாது. கூட்டமான வீட்டில் பேச்சுக்கா பஞ்சம்? ஒரு வயதில் ஒன்றிரண்டு வார்த்தை, ஒன்றரை வயதில் ஏறக்குறைய பத்து வார்த்தை, இரண்டு வயதில் ‘அம்மா வா’, ‘பால் வேணாம்’ என்று இரண்டு சேர்த்துப் பேச வேண்டும். 22 மாதத்தில் ஒரே வார்த்தை என்பது கடைக்குட்டிக் கணக்கில் வராது. அப்பா மூன்று வயதில் பேசினார் என்று சொல்கிறவர்கள் அன்றைக்குத் தேதி குறித்தா வைத்தார்கள்?

அப்புறம் அந்த வேட்டு. வேட்டுக்குத் திடுக்கிடுவது காது கேட்பதற்குச் சாட்சி இல்லை. அந்த அதிர்வு தரையிலும் நெஞ்சிலுமே தெரியும். ‘ச’, ‘ப’ மாதிரி மெல்லிய ஒலி கேட்கிறதா என்பதுதான் பேச்சுக்கு முக்கியம். அக்காக்கள் பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவரும் சளி இவனுக்கும் வரும். அடிக்கடி வந்தால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக்கொள்ளும், பாதி கேட்கும், பாதி கேட்காது. வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் பையன் உதட்டையும் கையையும் பார்த்தே சமாளித்துவிடுவான்.

முதலில் காது சோதனை. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். பேர் சொல்லிக் கூப்பிட்டால் முகம் பார்க்கிறானா? வேண்டும் என்று கேட்பதற்கு மட்டும் கை நீட்டுகிறானா, ‘அங்கே பார், மாடு’ என்று காட்டுவதற்கும் நீட்டுகிறானா? இரண்டாவது இல்லையென்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இதற்கிடையில் அக்காக்களுக்கு ஒரு வேலை கொடுங்கள். கேட்டதை எடுத்துத் தரட்டும், ஆனால் அவன் கண் மட்டத்துக்குக் குனிந்து அந்தப் பொருளின் பேரைச் சொல்லி, பத்து எண்ணும் வரை காத்திருந்து தரட்டும். அழவிட வேண்டாம். சாப்பாட்டு நேரத்தில் டிவியும் செல்போனும் அணைந்திருக்கட்டும்.

ஒன்பது மாதப் பேத்தி சப்பாணி கொட்டவில்லை, கை தட்டவே மாட்டேன் என்கிறாள். வீட்டில் ஆளாளுக்கு வேலை. (சோழவந்தான், ஒரு அப்பத்தா)

பிள்ளைத்தமிழிலும் ஒன்பதாம் மாதம்தானே அப்பத்தா சப்பாணி! யாராவது எதிரில் உட்கார்ந்து கொட்டிக் காட்டினால்தான் கொட்டுவாள். நீங்களே உட்காருங்கள். ஒரு வயது வரை பொறுக்கலாம்.

ஐந்து மாதம், குப்புற விழவில்லை. மூத்தவர்கள் மிதித்துவிடுவார்கள் என்று பகல் முழுக்கத் தூளியில்தான் போட்டிருக்கிறோம். (உசிலம்பட்டி)

தூளிக்குள் கிடந்து எப்படிக் குப்புற விழுவான்? ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் பாய் விரித்து, விழித்திருக்கும்போது நாளைக்கு நாலைந்து தடவை, இரண்டு மூன்று நிமிடம் குப்புறப் போடுங்கள். கட்டில் வேண்டாம், புரண்டு விழும். மிதிக்கிற அண்ணனையே எதிரில் படுத்து வேடிக்கை காட்டச் சொல்லுங்கள். தூங்க வைப்பது மட்டும் மல்லாக்க. ஏழு மாதம் தொடும்போதும் புரளாவிட்டால் காட்டுங்கள்.

32 வாரத்தில் பிறந்தவள், ஏழு மாதம். தலை நின்றுவிட்டது, உட்காரவில்லை. (மதுரை, புதூர்)

தேதி போட்டு எழுதியதற்கு நன்றி. இரண்டு மாதம் முந்திப் பிறந்திருக்கிறாள், அதைக் கழித்தால் ஐந்து மாதம். சரியாகத்தான் போகிறாள். இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே எண்ணுங்கள்.

நாலைந்து வார்த்தை பேசிக்கொண்டிருந்தான், இப்போது ஒன்றும் இல்லை. பல் முளைப்பதாலா?

இல்லை. வந்த பேச்சு நின்றுபோனால் எந்த வயதானாலும் இந்த வாரமே காட்டுங்கள்.

பத்து மாதம். தரையில் கிடப்பதையெல்லாம் இரண்டு விரலால் பொறுக்கி வாயில் போடுகிறாள். இந்தப் பழக்கத்தை எப்படி நிறுத்துவது? (அலங்காநல்லூர்)

நிறுத்தாதீர்கள், அது வளர்ச்சி. தரையைச் சுத்தமாக்குங்கள். அக்காவின் பல்லாங்குழிப் புளியங்கொட்டை, அண்ணனின் கோலி, பேனா மூடி, வேர்க்கடலை எல்லாம் அலமாரிக்கு மேலே ஏறட்டும். பொம்மையில் இருக்கும் வட்ட பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாய் வெந்துவிடலாம். வாந்தி எடுக்க வைக்காமல், மலத்தில் வருமா என்று பார்த்துக்கொண்டிருக்காமல், நேராக எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்கு ஓடுங்கள்.