பழைய படங்களில் பாட்டியின் ரவிக்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அம்மாவின் அலமாரியில் பாட்டியின் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று கிடைத்தது. சிராங்கூன் சாலை ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. பஃப் கை வைத்த ரவிக்கை, கறுப்புக் கரை போட்ட வெளிர்நிறச் சேலை. தேதி எதுவும் எழுதப்படவில்லை. எந்த ஆண்டில் எடுத்திருப்பார்கள்? சேலை என்ன நிறமாக இருந்திருக்கும்?
– வாசகி, ஈசூன்

பதில்: சேலையை வைத்து ஆண்டைக் கணிக்கப் போனால் ஏமாந்துபோவோம். நல்ல பட்டுச்சேலை தாயிடமிருந்து மகளுக்குப் போய், இருபது முப்பது ஆண்டு கழித்தும் விசேஷத்துக்குக் கட்டப்படும். ரவிக்கையோ ஒருத்தியின் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது என்பதால், அந்தந்தக் காலத்து நாகரிகம் அதன் கையிலும் கழுத்திலும்தான் முதலில் தெரியும். தோளில் சுருக்கம் வைத்து உப்பலாகத் தைத்த கை 1940களிலும் 1950களின் முற்பகுதியிலும் பரவலாக இருந்தது. 1960களில் அதே கை தோளோடு ஒட்டிக்கொண்டது. துணிச்சலான பெண்கள் கையே இல்லாத ரவிக்கையும் போட்டார்கள். சிங்கப்பூரில் 1942 முதல் 1945 வரை, ஜப்பானியர் ஆட்சியில், துணிக்குக் கடும் தட்டுப்பாடு நிலவியதை இதோடு சேர்த்துப் பார்த்தால், கூடுதல் துணி கேட்கும் உப்பல் கையைப் போர் முடிந்த பின்னரே உங்கள் பாட்டி தைத்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

படத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஸ்டூடியோவின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இங்கே அஞ்சல் வட்டார எண்கள் 1950இல்தான் வந்தன. முகவரியில் ‘சிங்கப்பூர் 8’ என்பதுபோல் எண் இருந்தால், படம் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. எண் இல்லாவிட்டால் அதை வைத்து எதுவும் சொல்வதற்கில்லை, ஏனெனில் பழைய முத்திரையையே தொடர்ந்து குத்திக்கொண்டிருந்த கடைகளும் இருந்திருக்கும்.

நிறத்தைப் பொறுத்தவரை கண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அக்காலத்தில் உருவப்படம் எடுக்கப் பயன்பட்ட ஒருவகைப் ஃபிலிம் சிவப்பு ஒளியை உணராது. அதில் குங்குமமும் அரக்குக் கரையும் கறுப்பாகவே விழும், நீலம் வெளுத்துப்போகும். ஆகவே கறுப்பாகத் தெரியும் கரை அரக்காகவும், வெள்ளைபோல் தெரியும் உடல் இளநீலமாகவும் இருந்திருக்கலாம். வண்ணம் தீட்டிய பிரதி வீட்டில் இருந்தாலும் அதைச் சாட்சியாக வைத்துக்கொள்ளாதீர்கள். தூரிகை பிடித்தவர் சேலையைப் பார்த்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்டுத் தீட்டியவர்களும் உண்டு, தமக்குப் பிடித்த பச்சையைப் பூசியவர்களும் உண்டு.

இன்னொன்று: கொசுவம் விறைப்பாக நிற்கிறதா, உடம்போடு வழிந்து விழுகிறதா என்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வழிந்தால் ஜார்ஜெட்டாகவோ நைலானாகவோ இருக்கலாம். நைலான் காலுறை அமெரிக்கா முழுவதும் கடைகளுக்கு வந்ததே 1940இல்தான். சேலையாக அது நம் பெண்களிடம் வந்து சேர்ந்தது போருக்குப் பிறகு. பின்னாளில் இங்கிருந்து ஊருக்குப் போகிறவர்களின் பெட்டியில் ஜப்பான் நைலான் சேலைக்குத் தனி இடமே இருந்தது.

கேள்வி: 1950களில் எடுத்த ஒரு படத்தில் என் பெரியம்மா மலாய் உலகின் சாரோங் கெபாயா (கைலியும் முன்பக்கம் திறந்த மேல்சட்டையும்) அணிந்திருக்கிறார். தமிழ்ப் பெண் அதை அணிந்தது எப்படி?
– வாசகர், பிடோக்

பதில்: உங்கள் குடும்பத்துக்கு மலாக்கா செட்டி உறவு, அதாவது மலாக்காவில் குடியேறி உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்களோடு உறவு, உண்டா என்று முதலில் விசாரியுங்கள். அந்தச் சமூகத்துப் பெண்களுக்குக் கெபாயா இரவல் உடையன்று, தலைமுறைகளாக அணிந்துவரும் சொந்த உடை. அப்படி உறவு எதுவும் இல்லையென்றால், பக்கத்து வீட்டுத் தோழியிடம் வாங்கி அணிந்ததாகவும் இருக்கலாம்; படம் பிடிப்பதற்காகவே அழகான உடையை இரவல் வாங்குவது புதிய வழக்கமன்று. கெபாயாவின் முன்புறத்தை இணைக்கும் கெரோசாங் என்ற சங்கிலி ஊசிகளை நன்றாகப் பாருங்கள். அதே ஊசிகளும் அதே உடையும் வீட்டில் எடுத்த மற்றப் படங்களிலும் வந்தால் அவை பெரியம்மாவுடையவை என்று கொள்ளலாம். ஸ்டூடியோவில் எடுத்த இந்த ஒரு படத்தில் மட்டும் வந்தால், நான் தோழியின் பக்கமே சாய்வேன்.