சின்ஸா, ஃபாரா: குழப்பும் ஆங்கிலச் சொற்கள்

கேள்வி: சார், இன்டர்வியூவில் "ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் த்ரீ இயர்ஸ்" என்றேன். தப்பு என்கிறான் நண்பன். எங்கே தப்பு?

பதில்: இரண்டு இடத்தில். '2021லிருந்து' என்று தொடங்கிய புள்ளியைச் சொன்னால் சின்ஸ். 'மூன்று வருஷமாக' என்று கால அளவைச் சொன்னால் ஃபார். ஆகவே உங்களுக்கு வேண்டியது ஃபார் த்ரீ இயர்ஸ். அப்புறம் வினைச்சொல். 'மூன்று வருஷமாக வேலை செய்கிறேன்' என்று தமிழில் நிகழ்காலத்திலேயே முடித்துவிடலாம். ஆங்கிலத்தில், அன்று தொடங்கி இன்றும் தொடர்வதற்கு 'ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்' என்றுதான் வர வேண்டும். சின்ஸை மட்டும் திருத்திவிட்டு இதை அப்படியே விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கேள்வி: அப்படியானால் 'சின்ஸ் லாஸ்ட் வீக்' சரியா?

பதில்: சரி. அது 'போன வாரத்திலிருந்து'. ஆனால் 'சின்ஸ் லாஸ்ட் டூ வீக்ஸ்' ஆகாது. 'ஃபார் த லாஸ்ட் டூ வீக்ஸ்'.

கேள்வி: அஃபெக்ட், எஃபெக்ட்?

பதில்: பாதிப்பது அஃபெக்ட், விளைவு எஃபெக்ட். 'எஃபெக்ட் எ சேஞ்ச்' என்று ஏதாவது அலுவலகக் கடிதத்தில் பார்த்தால் பிழை என்று அடித்துவிடாதீர்கள். மாற்றத்தைக் கொண்டுவருவது என்ற பொருளில் எஃபெக்டும் வினையாக வரும்.

கேள்வி: கடை போர்டு எழுதுகிறோம். ஸ்டேஷனரியில் கடைசி 'ஆர்'-க்கு முன்னால் 'ஏ'யா, 'ஈ'யா?

பதில்: பேப்பர், பேனா விற்றால் 'ஈ'. 'ஏ' போட்டால் நகராமல் நிற்பது என்று பொருள். உங்கள் கடையும் நகராதுதான்! வேடிக்கை என்னவென்றால் இரண்டுக்கும் வேர் ஒன்றே. இடைக்கால இங்கிலாந்தில், ஊர் ஊராகச் சுற்றி விற்காமல் ஓரிடத்தில் கடை போட்டுப் புத்தகம் விற்றவர்தான் ஸ்டேஷனர்.

கேள்வி: 'லெஸ் மிஸ்டேக்ஸ்' என்று எழுதியதற்கு ஆசிரியை மார்க் குறைத்துவிட்டார். நியாயமா?

பதில்: தேர்வில் நியாயம்தான். எண்ண முடிந்தால் ஃபியூவர், முடியாவிட்டால் லெஸ். ஆனால் பழைய ஆங்கிலத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கும் லெஸ் போட்டிருக்கிறார்கள். இந்த வேறுபாட்டை 1770இல் எழுதிவைத்த ராபர்ட் பேக்கர்கூட, தனக்கு அப்படித் தோன்றுகிறது என்ற அளவில்தான் சொன்னார். தூரம், பணம், நேரத்துக்கு இன்றும் லெஸ்தான் இயல்பு: 'லெஸ் தேன் டென் கிலோமீட்டர்ஸ்'. பேச்சில் யாராவது மாற்றிச் சொன்னால் திருத்தப் போகாதீர்கள். சின்ஸ், ஃபாரைச் சரிசெய்வதுதான் அவசரம்.

கேள்வி: லூஸுக்கு எத்தனை 'ஓ'?

பதில்: சட்டை தொளதொளவென்றிருந்தால் இரண்டு. பர்ஸைத் தொலைத்தால் ஒன்று.