படித்ததெல்லாம் எங்கே போகிறது?

அன்புள்ள சார்,

சேலத்தில் பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு இளம்பிள்ளையில். வீட்டிலேயே விசைத்தறி ஓடுகிறது. காலையில் தார் (தறிக்கான நூல் குழல்) சுற்றிக் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன். செமஸ்டருக்கு இன்னும் ஒரு மாதம். ஒவ்வொரு அலகையும் மூன்று நான்கு முறை வாசித்துவிடுகிறேன். வாசிக்கும்போது எல்லாம் புரிகிறது, தேர்வு ஹாலில் ஒன்றுமே வருவதில்லை. போன முறை ஒரு பேப்பர் அரியர். பள்ளியில் தமிழ் மீடியம், இங்கே ஆங்கிலம். இந்தத் தறிச் சத்தத்தில் எப்படிப் படிப்பது?

ச., இளம்பிள்ளை

அன்புள்ள ச.,

பாவம், தறியைக் குறை சொல்லாதீர்கள். கடிதத்தில் என்னை உறுத்தியது ‘மூன்று நான்கு முறை வாசித்துவிடுகிறேன்’ என்பதுதான். நான்காவது முறை வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதைத் தெரிந்ததாக எண்ணிக்கொள்கிறோம். ஹாலிலோ வினா மட்டும்தான் முன்னால் இருக்கிறது. புத்தகம் இல்லாமல் எடுத்து எழுத நீங்கள் வீட்டில் பழகவே இல்லை.

ரோடிகர், கார்ப்பிக் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் ஒரு சோதனை வெளியிட்டார்கள். மாணவர்கள் ஒரு பாடப்பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள். இன்னொன்றை ஒருமுறை வாசித்து, மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் கேட்டபோது, இரண்டு முறை வாசித்ததே நன்றாக வந்தது. ஒரு வாரம் கழித்து அதில் 42 சதவீதம்தான் நினைவிருந்தது; எழுதிப் பார்த்ததில் 56.

உங்கள் பாடத்திலேயே செய்து பார்ப்போம். ரயத்துவாரி முறை, அதாவது ஜமீன்தார் இல்லாமல் அரசே விவசாயியிடம் நில வரி வாங்குவது. வெள்ளைத்தாளில் தலைப்பைப் போட்டுவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். ‘மன்றோ’ என்று, அதைப் பரப்பிய கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் பெயரை எழுதுவீர்கள். ‘விவசாயியிடம் நேரடி வரி’ என்று எழுதுவீர்கள். அப்புறம் பேனா நின்றுவிடும். நிற்கட்டும், உடனே புத்தகத்தைப் புரட்டாதீர்கள். கொஞ்ச நேரம் தவியுங்கள். பிறகு திறந்து, விட்டுப்போனதை மட்டும் சிவப்பு மையில் சேருங்கள். விட்டுப்போனது இதுவாக இருக்கும்: 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து பாரமகாலும் (இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம்) சேலமும் கம்பெனி கைக்கு வந்தன. கேப்டன் ரீடும் அவருக்குக் கீழே மன்றோவும் இங்கே நிலத்தை அளந்து வரி போட்டார்கள். மறு வருடமே கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் வங்காளத்தில் ஜமீன்தார்களோடு நிரந்தர வரியை முடிவு செய்தார். ஒப்பிட்டு எழுதச் சொன்னால் இதுதான் விடை. 1820-ல் மன்றோ சென்னை கவர்னரானார். ரயத்துவாரி மாகாணத்தின் பெரும்பகுதிக்குப் போனது. (நம்மூர் நிலத்தில் நடந்த சங்கதியை நம்மூர்ப் பிள்ளைகள் மறந்துவிட்டு வருவது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.) இரண்டு நாள் விட்டு, அதே தலைப்பு, புது வெள்ளைத்தாள். சிவப்பு குறைகிறதா என்று பாருங்கள்.

தார் சுற்றும்போது கைக்குத்தானே வேலை? நேற்று எழுதிய தாளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். தறி ஓடுகிற வீட்டில் நீங்கள் உளறினாலும் யாருக்கும் கேட்காது.

வாட்ஸப்பில் சுற்றும் ‘முக்கிய வினாக்களை’ நம்ப வேண்டாம். சீனியர்களிடம் பழைய வினாத்தாள்களை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒன்றையாவது மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழுசாக எழுதுங்கள். கை வலிப்பதும் கடைசி வினாவுக்கு நேரம் போதாமல் போவதும் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

ஆங்கிலம் பற்றி: ஆங்கில வழியில் படித்தாலும் தேர்வை உள்ளூர் மொழியில் எழுத அனுமதிக்கும்படி பல்கலைக்கழக மானியக்குழு 2023 ஏப்ரலில் பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. உங்கள் கல்லூரியில் அது நடைமுறையில் இருக்கிறதா என்று துறைத்தலைவரிடம் கேளுங்கள். ஹாலில் போய்க் கேட்டால் பயனில்லை. அப்படியே அரியர் பேப்பருக்குப் பணம் கட்டக் கடைசித் தேதி எது என்றும் விசாரித்துவிடுங்கள்.